வலது சக்கரத்துக்காரர்

தேர் பார்க்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு ஆள் பார்க்கப் போகிறவர்கள் ஒவ்வொரு சித்திரையிலும் ஸ்ரீபெரும்புதூருக்கு வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். செந்தாமரைக்கு அப்படிச் சொல்லிவிட்டு வர வீடென்று ஒன்றும் இல்லை. ஒரகடத்தில் கம்பெனிப் பெண்கள் தங்கும் விடுதியின் மாடியில் ஓர் அறை, அதில் இன்னொரு கட்டில் ஷெர்லினுடையது. ஷெர்லினிடம் மட்டும் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் ஷெர்லின் தலை பின்ன ஆரம்பித்துவிட்டாள்.

"எங்கூரு மாதா தேருக்கு நீ வந்து மெழுகுவத்தி ஏத்துன. ஒங்க தேருக்கு நான் வரக்கூடாதா? மாப்பிள்ளைய நீ மட்டும் பார்த்துட்டு வந்து நல்லாதான் கீறாருன்னு ஒத்த வார்த்தைல முடிச்சிருவ. எனக்கு முழுக் கத வேணும்க்கா."

ஏழு மணிக்கே பேருந்து நிலையத்தில் கால் வைக்க இடமில்லை. முந்தின இரவு மழை பெய்ததா என்று சந்தேகப்படும்படி தெருவெல்லாம் நனைந்திருந்தது. வாசல்தோறும் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றியிருந்தார்கள், தேர் இழுப்பவர்களின் கால் சுடக் கூடாதென்று. மின்வாரிய ஆட்கள் ஏணியோடு முன்னால் போய்க் கம்பிகளைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். இன்னும் நான்கு மணி நேரத்துக்கு ஊரில் ஒரு மின்விசிறியும் சுற்றாது. அதைப் பற்றி ஒருவரும் முணுமுணுக்கவில்லை.

பார்க்க வந்த ஆளின் பெயர் ரகு. நாற்பத்து மூன்று வயது. வல்லம் வடகாலில் ஒரு கம்பெனியில் கிரேன் ஓட்டுகிறார். மனைவி காய்ச்சலில் போய் நான்கு வருஷமாகிறது, குழந்தை இல்லை. செந்தாமரையின் தம்பி பிரவீன்தான் தெரிந்தவர்கள் மூலம் பேச்சைத் தொடங்கியவன். இரண்டு முறை தொலைபேசியில் பேசினார்கள். இரண்டாவது முறை அவர், "தேரன்னிக்கு வாங்களேன். வலது பக்க முன்சக்கரத்துக்கிட்ட நிப்பேன், கட்டை போடுறது நான்தான். மஞ்சத் துண்டு கட்டியிருப்பேன். தேர் நிலைக்கு வந்ததும் அம்மாவோட வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்குப் போறோம், நீங்களும் வந்தா அங்க ஒக்காந்து பேசலாம். அன்னிக்கே ஒங்க முடிவச் சொல்லிருங்க, இழுத்துகினு இருக்க வேணாம்" என்றார். அந்தக் குரலில் அவசரம் இல்லை. அதுதான் அவளுக்குப் பிடித்தது. பிடித்ததுதான் தொல்லையாகவும் போயிற்று.

ஏனென்றால் பிரவீன் ஒரு பொய் சொல்லியிருந்தான். அக்கா முதல் கல்யாணத்தில் ஆறு மாசம்தான் இருந்தாள், ஒத்துவரவில்லை, வந்துவிட்டாள் என்று. உண்மையில் எட்டு வருஷம். முப்பத்தெட்டு வயதுப் பெண்ணுக்கு எட்டு வருஷ வாழ்க்கை பாரம், ஆறு மாதம் என்றால் ஏதோ தடுமாற்றம், அவ்வளவுதான் என்பது அவன் கணக்கு. யாரும் போய்க் கேட்கப் போவதில்லை என்றான். ரகு தொலைபேசியில், "ஆறு மாசம்தானே, அத மனசுல வச்சுக்காதீங்க" என்று பரிவாகச் சொன்னபோது செந்தாமரை மறுத்துப் பேசவில்லை. உம் என்றாள்.

அந்த ஒரு 'உம்' பத்து நாளாக அவள் கூடவே படுத்து எழுந்திருந்தது. முதலில் அது சுகமாகக்கூட இருந்தது என்பதை அவள் தனக்குள் ஒப்புக்கொண்டாள். ஆறு மாதக்காரி எவ்வளவு லேசானவள். வளையல் மாதிரி கழற்றி வைத்துவிட்டு வந்துவிடலாம். ஆனால் நாள் போகப் போக வேறொன்று உறைத்தது. ஆறு மாதம் என்றால் அந்த மூன்று கர்ப்பங்களும் இல்லை. ஏழு மாதம்வரை வயிற்றில் இருந்து, உதைத்து, பிறகு உதைக்காமல் போன அந்தக் கடைசிப் பிள்ளையும் இல்லை. புருஷன் குடித்துவிட்டு வரும் நாளில் அவளைத் தன் அறைக்குள் இழுத்துத் தாழ்போட்டுக்கொண்டு, "நான் கீறேன், நீ தூங்கு" என்று சொன்ன மாமியார் கனகமும் இல்லை. கனகம் இவள் மடியில்தான் கண்ணை மூடினாள். அதற்கடுத்த வாரம்தான் செந்தாமரை பெட்டியைத் தூக்கினாள். பொய் சொன்னால் கெட்டது மட்டும் அழிவதில்லை. அவள் எதிர்பாராதது அதுதான்.

"அக்கா, பாரு" என்று ஷெர்லின் தோளைப் பிடித்துத் திருப்பினாள்.

தேர் புறப்பட்டிருந்தது.

செந்தாமரை பத்து வருஷமாக ஒரகடத்தில் இருக்கிறாள். ஒவ்வொரு வருஷமும் தேரன்று ஷிப்ட் வந்துவிடும். அதனால் இதுதான் முதல் தடவை. தெருவின் வளைவுக்கு அப்பால் முதலில் உச்சிக் கலசம் மட்டும் தெரிந்தது. வீடுகளின் மாடிக்கு மேல் யாரோ அதைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து வருவதுபோல. பிறகு சிவப்பும் வெள்ளையும் மஞ்சளுமாகத் துணிச்சீலைகள், உருளை உருளையாகத் தொங்கும் தொம்பைகள், வாழை மரங்கள், அப்புறம் உள்ளே, பூவுக்கு நடுவில், உடையவர். இந்த மண்ணில் பிறந்தவர் என்பதால் இந்த ஊர்க்காரர்களுக்கு அவர்மேல் பக்தியைவிடச் சொந்தம் கொஞ்சம் அதிகம். பக்கத்தில் நின்ற ஒரு அம்மாள், "வெய்யில்ல வாடிட்டாரு பாரு" என்று தன் வீட்டுப் பிள்ளையைச் சொல்வதுபோல் சொன்னாள்.

அவ்வளவு பெரிய பொருள் இவ்வளவு மெதுவாக நகரும்போது பூமிதான் பின்னால் போவதாகத் தோன்றியது. வடத்தின் இரண்டு பக்கமும் நூற்றுக்கணக்கான கைகள். பட்டு வேட்டி, கம்பெனி டீ-சர்ட், கழுத்தில் அடையாள அட்டையோடு நைட் ஷிப்ட் முடித்து நேரே வந்தவர்கள், சேலையை இழுத்துச் செருகிய பெண்கள். விசில் ஊதினால் இழுக்கிறார்கள், சிவப்புத் துணி அசைந்தால் நிற்கிறார்கள். நிற்கும்போதெல்லாம் தேர் முழுதும் ஒருமுறை சிலிர்த்து, மணிகள் குலுங்கி அடங்கின. செந்தாமரை குதிகாலை உயர்த்தி எட்டிப் பார்த்தாள். இத்தனை பேர் ஒரே சமயத்தில் ஒரு காரியத்தைச் சரியாகச் செய்வதைப் பார்த்து எத்தனை நாளாயிற்று என்ற வியப்பு.

"மஞ்சத் துண்டுன்னுதானே சொன்ன?" ஷெர்லின் சிரிப்பை அடக்க முடியாமல் கேட்டாள். "எண்ணிக்கோ. எட்டுப் பேரு. எட்டும் மஞ்சத் துண்டு. அதோ அந்தத் தொப்பக்காரர்னா நான் இப்படியே பஸ் ஏறிருவேன்."

வலது முன்சக்கரத்தை ஒட்டி நடந்தவரைச் செந்தாமரை பார்த்துவிட்டாள். ஒல்லியான உடம்பு, காதோரம் நரை. இரண்டு கையாலும் ஒரு முட்டுக்கட்டையை ஏந்திக்கொண்டு, ஆளுயரச் சக்கரத்தின் கூடவே குனிந்தபடி பின்னோக்கி நடந்துகொண்டிருந்தார். கட்டை ஆப்பு வடிவில் செதுக்கப்பட்டு, பிடிக்க ஒரு வால் விட்டிருந்தது. தேர் நேராகப் போக வேண்டுமா, திரும்ப வேண்டுமா, நிற்க வேண்டுமா, எல்லாம் அந்தக் கட்டைதான். திரும்பும் பக்கத்துச் சக்கரத்தின் முன்னால் சரியான நொடியில் அதைச் செருகினால் அந்தச் சக்கரம் தயங்கும், மறுபக்கம் முன்னேறும், தேர் முகத்தைத் திருப்பும். அவர் கண் சக்கரத்தைத் தவிர வேறெங்கும் போகவில்லை. ஒரு விரல் அகலம் முன்னால் வைக்கிறார், எடுக்கிறார், மறுபடி வைக்கிறார். தூளியில் உறங்கும் பிள்ளைக்கு ஈ ஓட்டுபவர்போல் இருந்தது.

ஒரே ஒரு தடவை அவர் தலை நிமிர்ந்தது. கூட்டத்தை ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை பார்த்தது. செந்தாமரை தன்னையறியாமல் ஷெர்லினின் பின்னால் ஒதுங்கினாள்.

அந்த நேரம்தான் தெருமுனை. தேர் வலப்பக்கம் திரும்ப வேண்டிய இடம். விசில் ஊதியது, வடம் இறுகியது, தேர் நகர்ந்தது. ஆனால் திரும்பவில்லை. நேரே போயிற்று. எதிர்ச் சாரியில் இருந்த செல்போன் கடையின் தகரக் கூரைக்கு ஒரு முழம் தள்ளி, எல்லோரும் ஒரே குரலில் அலற, சிவப்புத் துணி பறக்க, கட்டைகள் எல்லாப் பக்கமும் விழ, நின்றது. ஒன்றும் உடையவில்லை. யாருக்கும் அடியில்லை. ஆனாலும் அத்தனை உயரமும் ஒருமுறை ஆடி அடங்கியதைப் பார்த்தவர்கள் பயந்துபோனார்கள்.

பயந்தவர்கள் யார்மேலாவது பழி போடாமல் அடங்க மாட்டார்கள். வடத்தின் முன்பகுதியில் ஒரே நிற டீ-சர்ட்டில் பத்துப் பதினைந்து இளைஞர்கள் நின்றிருந்தார்கள். ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்து பக்கத்துக் கம்பெனியில் வேலை செய்பவர்கள். கூட்டம் அவர்களைப் பிடித்துக்கொண்டது. விசிலுக்கு முன்னாடியே இழுத்தாங்க என்றது ஒரு குரல். மொழி தெரியாதவனையெல்லாம் வடத்துல விட்டா இப்படித்தான் என்றது இன்னொன்று. அந்தப் பையன்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கையிலிருந்த வடத்தை விடலாமா பிடித்திருக்கலாமா என்றுகூட அவர்களுக்குத் தெரியவில்லை.

செந்தாமரைக்கு இந்தக் காட்சி தெரியும். அவள் வேலை செய்வது காருக்கு பிரேக் குழாய் செய்யும் கம்பெனியின் கடைசிச் சோதனை மேசையில். குழாயைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கினால், ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் ஒரு குமிழி மேலே வரும். வந்தால் அதைச் சிவப்புப் பெட்டியில் போட்டுவிட்டுத் தாளில் எழுத வேண்டும்: எந்த லைன், எந்த ஷிப்ட், யார் கை. அந்த 'யார்' என்ற கட்டத்தில்தான் கம்பெனியின் மொத்த நாடகமும் நடக்கும். மெஷின்மேல் போடுவார்கள், முந்தின ஷிப்ட்மேல் போடுவார்கள், கடைசியில் பதில் பேசத் தெரியாத புது ஆளின் பெயர் அந்தக் கட்டத்தில் போய் உட்காரும். பத்து வருஷத்தில் தானாக வந்து, அது நான் செய்தது என்று சொன்னவர்கள் மூன்று பேர். மூன்று பேரின் பெயரும் அவளுக்கு ஞாபகம் இருக்கிறது.

சக்கரத்தடியிலிருந்து ரகு எழுந்தார். கையை உயர்த்தினார். வகுப்பில் பிள்ளைகள் தூக்குவதுபோல முழுக் கையையும்.

"பசங்க மேல தப்பு இல்லீங்க. விசிலுக்குத்தான் இழுத்தாங்க. வலது கட்டைய நான் லேட்டாப் போட்டேன்."

விசில்காரப் பெரியவர் நம்ப முடியாமல் பார்த்தார். "அஞ்சு வருசமாப் போட்டுகினு கீற. இன்னிக்கி இன்னாத்தடா பார்த்துகினு இருந்த?"

"கவனம் தப்பிடுச்சு. மன்னிச்சிக்கங்க" என்றார் ரகு. முகம் தொங்கவில்லை. பையன்களைப் பார்த்துக் கையால் சைகை காட்டினார், வடத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள், வேலை இருக்கிறது என்று. பிறகு மறுபடி குனிந்துகொண்டார்.

ஷெர்லின் செந்தாமரையின் இடுப்பில் கிள்ளினாள். "இன்னாத்தப் பார்த்துகினு இருந்தாருன்னு எனக்குத் தெரியும்க்கா. நீதான் என் முதுகுக்குப் பின்னாடி ஒளிஞ்சிகினு இருந்த. தேரையே நிறுத்திட்ட, போ."

செந்தாமரையால் சிரிக்க முடியவில்லை. அடுத்த நாற்பது நிமிஷமும் அவள் கண்ணெடுக்காமல் பார்த்தாள். ஒரு ஜாண் பின்னால், ஒரு ஜாண் பக்கவாட்டில், கட்டையில் விளக்கெண்ணெய் தடவி, வைத்து, எடுத்து, எட்டு மஞ்சள் துண்டுகளும் ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு, அந்த மலையைச் சமாதானப்படுத்தினார்கள். கடைசியில் தேர் திரும்பியது. நிறைமாதக்காரி படுக்கையில் புரள்வதுபோல், ஒவ்வொரு பக்கமாக யோசித்து, மூச்சை இழுத்து, மெல்லத் திரும்பியது. அந்தத் திருப்பம் செந்தாமரையின் உடம்புக்குத் தெரியும். ஆறு மாதக்காரிக்குத் தெரிந்திருக்காது.

தேர் நிலைக்கு வந்தபோது பதினொரு மணி. ஷெர்லினுக்கு மதியம் தொடங்கும் பி ஷிப்ட். "எட்டுல நல்லதத்தான் புடிச்சிருக்க. ராத்திரி முழுக் கத சொல்லணும்" என்று மிரட்டிவிட்டுக் கம்பெனிப் பேருந்தில் ஏறிக்கொண்டாள்.

ரகுவின் அம்மா கிளியம்மாள் ஒரு ஷேர் ஆட்டோவையே பேசி வைத்திருந்தாள். எழுபது வயதிருக்கும். பார்த்ததும் செந்தாமரையின் கையைப் பிடித்து உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். தண்ணீரில் ஊறி ஊறி வெளுத்த விரல்களைத் தடவிவிட்டு, வேலை செய்யிற கைதான் என்று மட்டும் சொன்னாள். வழியெல்லாம் அவள்தான் ஊர் காட்டினாள். குண்டுவெடிப்பில் இறந்த பிரதமரின் நினைவிடத் தூண்கள் வந்ததும் ஆட்டோவை மெதுவாகப் போகச் சொல்லிக் கும்பிட்டுக்கொண்டாள். ஏரியைக் காட்டினாள். வல்லம் வடகால் வந்ததும் குரலில் ஒரு மிதப்பு ஏறியது. "அதோ அந்த நீல ஷெட்டு கீதே, அது எங்க நெலத்துலதான் நிக்கிது. அதுக்குள்ளதான் எம் புள்ள கிரேன் ஓட்றான். நான் ஏத்தம் எறைச்ச எடத்துல இவன் ஏசில ஒக்காந்துகினு இரும்பத் தூக்குறான். என்னாத்துக்கு வருத்தப்படணும்ன்றேன்?" ரகு முன் இருக்கையில் ஓட்டுநர் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டு வந்தார். முழங்கையில் எண்ணெயும் தூசியும் அப்படியே இருந்தன.

வல்லக்கோட்டை முருகனைப் பார்க்க அண்ணாந்துதான் பார்க்க வேண்டும். ஏழடி. இவ்வளவு உயரமாக நிற்பவர் இவ்வளவு குழந்தை முகத்தோடு இருக்க முடியுமா என்று செந்தாமரை வாய்விட்டுச் சொல்லிவிடப் பார்த்தாள். அர்ச்சகர் தீபத்தைப் பாதத்திலிருந்து மெல்ல மேலே உயர்த்த, இருட்டிலிருந்து வேலும் மார்பும் முகமுமாக ஒவ்வொன்றாக வந்தன. அவள் எதையும் வேண்டிக்கொள்ளவில்லை. காலையில் உயர்ந்த அந்தக் கைதான் கண்ணுக்குள் நின்றது. சொல்லாமல் இவரைக் கட்டிக்கொண்டால், வாழ்நாள் முழுக்க அந்தக் கைக்குப் பக்கத்தில் தன் கையை மடித்து வைத்துக்கொண்டு உட்கார வேண்டும்.

கிளியம்மாள் மண்டபத் தூணில் சாய்ந்து பிரசாதப் பொட்டலத்தைப் பிரித்தாள். நீங்க ரெண்டு பேரும் குளத்தப் பார்த்துட்டு வாங்க என்று கையை ஆட்டி அனுப்பினாள்.

படியில் உட்கார்ந்ததும் ரகுதான் ஆரம்பித்தார், கொஞ்சம் வெட்கத்தோடு. "காலைல ஒங்களத் தேடித்தான் நிமிந்தேன். அத அங்க சொல்ல முடியல."

"நான் ஒளிஞ்சிக்கிட்டேன்" என்றாள் செந்தாமரை. பிறகு, தைரியம் கரைவதற்குள், தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "என் தம்பி ஒங்ககிட்ட ஆறு மாசம்னு சொன்னான். அது பொய். எட்டு வருசம் இருந்தேன். மூணு தடவ உண்டாச்சு, ஒண்ணும் நிக்கல. நீங்க போன்ல கேட்டப்ப நான் உம்னேன். தம்பி சொன்னது அவன் தப்பு. அந்த உம் என் தப்பு."

ரகு எழுந்து நான்கு படி இறங்கி, முழங்கையின் எண்ணெயைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். ஒரு கையைக் கழுவ இவ்வளவு நேரமா என்று அவளுக்கு இருந்தது. எழுந்து போய்விடலாம், ஒரகடத்துக்குப் பேருந்து உண்டு. ஆனாலும் நெஞ்சுக்குள் விசித்திரமாக ஓர் இடம் காலியாகி, அதில் கனகமும் அந்தப் பிள்ளையும் வந்து உட்கார்ந்துகொண்டதுபோல் இருந்தது. போனாலும் அவர்களோடு போகலாம்.

அவர் திரும்பி வந்தார். முகம் இறுகித்தான் இருந்தது. "எட்டு வருசம் எனக்குப் பெருசில்ல. நானும் பதினோரு வருசம் வாழ்ந்தவன்தான், அத யாரும் கொறைக்கச் சொல்லல. ரெண்டு தபா பேசினோமே, சொல்லாம இருந்தீங்களேன்னுதான்…" நிறுத்திக்கொண்டார். ஈரக் கையைத் துண்டில் துடைத்தபடி, "கஷ்டமாத்தான் கீது. ஆனா நேருல வந்து சொன்னீங்க" என்றார். "எனக்கு வேற கேள்வி இல்ல. அம்மாவுக்குத் தெரியணும்."

"நானே சொல்றேன்."

"எங்கம்மா வாயி கொஞ்சம்…"

"பரவால்ல."

மண்டபத்துக்குத் திரும்பும் அந்த நாற்பது அடி அவளுக்கு நீண்டது. கிளியம்மாளுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தாள். இந்தத் தடவை சொல்ல எளிதாக இருந்தது; கனகத்தைப் பற்றியும் சேர்த்துச் சொன்னாள், தாழ்போட்ட கதவையும் மடியில் போன உயிரையும். ரகு தூணோரம் நின்றார். கிளியம்மாள் சர்க்கரைப் பொங்கல் விரலோடு அசையாமல் கேட்டாள்.

"அந்தம்மா எத்தினி நாளு படுக்கைல கெடந்திச்சு?"

"பத்து மாசம்."

"யாரு பார்த்துகினது?"

"நான்தான்."

கிளியம்மாள் விரலைத் துடைத்துக்கொண்டாள். "ஆறு மாசம்னு ஒன் தம்பி சொன்னது ஒன்னப் பார்த்ததுமே எனக்கு ஒதைச்சது. ஆறு மாசத்துல ஓடியாந்தவளுக்கு இவ்ளோ நெதானம் எங்கேந்து வரும்?" பிறகு மகனைப் பார்த்தாள். "நீ இன்னாடா சொல்ற?"

"நான் சொல்றதுக்கு ஒண்ணும் இல்லம்மா. அவங்கதான் இன்னிக்கி முடிவச் சொல்லணும்."

இருவரும் செந்தாமரையைப் பார்த்தார்கள். வந்த வேலையே அதுதான் என்பது அவளுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. சரி என்று தலையை ஆட்டினாள்.

"அப்ப ஒண்ணு" என்றாள் கிளியம்மாள். "ஒன் தம்பிக்குப் போன் போடு. ஞாயித்துக்கெழம எங்க வூட்டுக்கு வரணும். வந்து எங்க சனம் எதுருல, அவன் வாயாலயே எட்டு வருசம்னு சொல்லிட்டு, அப்புறமா தாம்பூலத்தத் தொடணும். ஒளிச்சி வச்சி ஒரு பொண்ண என் வூட்டுக்குள்ள கூட்டியாற மாட்டேன்."

செந்தாமரை எண்ணை அழுத்தினாள். இரண்டாவது மணியிலேயே பிரவீன் எடுத்துவிட்டான். ஆள் எப்படி, பிடித்திருக்கிறதா, ஏதாவது உளறினாயா என்று மூச்சுவிடாமல் கேட்டான்.

"நல்ல ஆளு" என்றாள். "எல்லாத்தையும் சொல்லிட்டேன்டா. எட்டு வருசமும்."

கிளியம்மாள் கையை நீட்டினாள். செந்தாமரை தொலைபேசியை அவளிடம் கொடுத்துவிட்டு, ரகு தூணோரத்திலிருந்து நகர்ந்து தன் பக்கத்தில் வந்து உட்கார்வதற்கு, சற்றுத் தள்ளி இடம் விட்டாள்.